குளிப்பாட்டலாமா, கூடாதா

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முந்தைய இரவின் இடிமழை ஓய்ந்திருந்தது, காற்று அசையவில்லை, மேகம் தாழ இறங்கியிருந்ததால், கல்வராயன் மலை இருக்க வேண்டிய திசையில் மலை இல்லை. அந்நேரத்தில் கள்ளக்குறிச்சியின் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஹயாத் பாஷா இறந்தார்.

செய்தியைச் சொல்ல வெளியே வந்த செவிலி ராதிகா ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசங்கள் அணிந்திருந்தாள். மெஹ்ராஜ் பேகம் முதலில் கவனித்தது அதைத்தான்; கணவர் இறந்த செய்தி அதற்குப் பின்னரே காதில் ஏறியது. காய்ச்சலோடு அவரைக் கொண்டுவந்து சேர்த்த அன்று, இதே ராதிகா வெறுங்கையால் நாடி பிடித்து, "பாய்க்கு ஒண்ணும் இல்லம்மா, மலைக்காத்து" என்று சிரித்தாள். மறுநாள் கையுறை வந்தது. அதன்பின் முகக்கவசம். இப்போது இரண்டு. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம், "பயப்பட ஒண்ணுமில்லை" என்ற ஒரே விடை, நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போன துணிக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஹயாத் பாஷா மலைவிளைபொருள் வியாபாரி. புளி, கடுக்காய், சாமை, தேன், பருவத்தில் பலா என்று மலையிலிருந்து இறக்கி, பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் விற்பவர். அவர் வேனில் மலையேறும் நாள்களில் கல்லாவில் மெஹ்ராஜ் உட்காருவாள். பக்ரீத் முடிந்த கையோடு அவருக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு தலைவலி, வாந்தி, பேச்சுத் தடுமாற்றம். கடைசியாக வாய் திறந்தபோது சாமைக்குத் தேன் விலை சொன்னார்.

மலை, வாந்தி, தடுமாற்றம் ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அவ்வூரில் பொருள் ஒன்றுதான். சென்ற ஆண்டு இதே ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்தவர்கள் வீட்டுக்கு வீடு இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு ஓராண்டு நிறையும் வாரம் இது. அப்படி இன்னொரு முறை நேரக் கூடாது என்று அமைக்கப்பட்ட சிறப்புக் கண்காணிப்புக் குழு, மலைக்குப் போய்வந்த எவர் இவ்வாறு இறந்தாலும் உடலை முதலில் தானே பார்க்க வேண்டும் என்று விதித்திருந்தது. சில வாரங்களாக மலைச் சிற்றூர்களிலிருந்து சாவுச் செய்திகள் கசிந்துகொண்டிருந்தன. குழுவின் ஜீப்புகள் சாராய ஊறல் பானைகளைத் தேடி மேலே போயின. ஊறல் போட்டவரும் போடாதவரும் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயினர். ஜீப்புகள் பூட்டாத வெறும் வீடுகளைப் பார்த்துவிட்டு இறங்கின. சாராய விஷயத்தில் யாரும் அலட்சியமாக இல்லை, சிக்கலே அதுதான்.

வெயில் ஏறுமுன் சுஐப் வந்துவிட்டார். ஹயாத் பாஷாவின் தம்பி. செருப்புக் கடை வைத்திருப்பவர். எந்த வேலையையும் பிறர் நினைக்குமுன் முடித்துவிடுபவர். அவருடைய பையில் உடலைச் சுற்றும் கஃபன் துணியும் கற்பூரமும் அத்தரும் இருந்தன. பள்ளிவாசலில் அறிவிப்பும் செய்தாயிற்று.

"மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம், பாபி. தண்ணி காய வெக்கச் சொல்லிட்டேன். தௌசிப்பும் நானும் குளிப்பாட்டிடறோம்."

தௌசிப் மெஹ்ராஜின் ஒரே மகன். சங்கராபுரத்தில் கைப்பேசிக் கடையில் வேலை பார்ப்பவன். தந்தை படுக்கையில் விழுந்தது முதல் அவரைத் தூக்கியதும் சட்டை மாற்றியதும் அவன்தான். சுவரோரம் நின்றிருந்தவன், சட்டைக் கையை ஏற்கெனவே முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தான்.

மய்யித்தைக் குளிப்பாட்டுவது நெருங்கிய உறவுக்காரர்களின் உரிமை. மகன் இருக்க வேறொருவர் முதல் செம்பை ஊற்றினால் அது மகனுக்குத் தீராத குறை. உடலை மெல்ல உட்கார்த்தி, வயிற்றைத் தடவி அழுத்தி, உள்ளே தங்கியிருப்பது வெளியேறியபின் கழுவி, வாயையும் மூக்கையும் ஈரத்துணி சுற்றிய விரலால் துடைத்து, வெதுவெதுப்பான நீரை வலப்பக்கத்திலிருந்து ஊற்றுவார்கள். மாமியார் இறந்தபோது மெஹ்ராஜ் இதையெல்லாம் தன் கையால் செய்தவள். இப்போது ஒவ்வொரு படியையும் மனத்துக்குள் வரிசையாக நடத்திப் பார்த்தாள். ஒவ்வொரு படியிலும் தௌசிப்பின் வெறுங்கை இருந்தது. சற்றுத் தள்ளி, இரண்டு முகக்கவசம் அணிந்த ராதிகா நின்றாள்.

"குளிப்பாட்ட வேண்டாம்" என்றாள் மெஹ்ராஜ்.

"இன்னா பாபி சொல்றீங்க?"

"இது இன்ன நோவுன்னு யாராவது சொல்ற வரைக்கும் அவரை யாரும் தொட வேண்டாம்."

சுஐப் உடனே பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தைக் கைப்பேசியில் அழைத்தார். தம் பக்கம் தீர்ப்பு வரும் என்ற நம்பிக்கையில் ஒலிபெருக்கியையும் போட்டார். ஹஜ்ரத் நிதானமானவர். குளிப்பாட்டுவதால் உயிருள்ளவர்களுக்குக் கேடு வரும் என்றால் தயம்மும் போதும் என்றார். சுத்தமான மண்ணில் கையைத் தட்டி, முகத்திலும் கைகளிலும் தடவிவிட்டால் குளிப்பாட்டியதற்குச் சமம். ஆனால், கேடு வரும் என்று பொறுப்புள்ளவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். "எழுத்து இல்லாம, ஒரு முஸ்லிமைக் குளிப்பாட்டாம அனுப்புங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைம்மா" என்று முடித்தார்.

ஆக, எழுத்து வேண்டும். மெஹ்ராஜ் எழுந்து மருத்துவரிடம் போனாள்.

மருத்துவர் பாரதி இளவயதுக்காரி. இரவு முழுதும் உறங்காத கண்கள். அவள் மழுப்பவில்லை.

"வைரஸ்னுதான் நான் நினைக்கிறேன். மூளையைத் தாக்குற வகை. என்ன வைரஸ்னு சோதிச்சாத்தான் தெரியும். மாதிரியைப் புனே வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பணும்னு முன்னாடியே எழுதிட்டேன்."

"யாருக்கு?"

"குழுவுக்கு. சாராயம் இல்லைன்னு முதல்ல உறுதியாகட்டும்னு பதில் வந்துச்சு."

"குளிப்பாட்டக் கூடாதுன்னு நீங்க எழுதித் தர்றீங்களா?"

"உடல் அவங்க பொறுப்புல இருக்கு. நான் எழுதினா அது வெறும் தாள். அவர் எழுதினாத்தான் உத்தரவு. என் தாளை எவனாவது கிழிச்சுப் போட்டுட்டு உடலைக் கொண்டுபோய்ட்டா, உங்க பையன்தானே முன்னாடி நிப்பான்?"

அவர் என்பது குழுவின் தனி அலுவலர் அறிவுச்செல்வன். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே, அவருக்காக வாயிலில் தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருந்தனர். "வைரஸ் என்பது வதந்தி. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை" என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கெட்ட மனிதர் அல்லர். சென்ற ஆண்டு கருணாபுரத்தில் உடல்களைத் தம் கையால் ஆம்புலன்ஸில் ஏற்றியவர்; அதற்குப் பிறகு சாராயத்தைத் தவிர வேறெதையும் அவரால் பார்க்க முடியவில்லை.

"பாய் குடிப்பாரா?"

சுஐப்பின் முகம் சிவந்தது. "சார், அஞ்சு வேளை தொழுவுறவரு."

"தப்பா நினைக்காதீங்க. போன வருஷம் எல்லா வூட்லயும் இதைத்தான் கேட்டேன். எல்லா வூட்லயும் குடிக்க மாட்டாருன்னுதான் சொன்னாங்க." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "முதல் சோதனையில மெத்தனால், அதான் சாராய விஷம், இல்லை. ரெண்டாவது முடிவு மதியம் வரும். அதுலயும் இல்லைன்னா சாதாரணக் காய்ச்சல். நீங்க எடுத்துக்கினு போகலாம்."

"நாங்க அவரைக் குளிப்பாட்டலாமா, கூடாதா?" என்று மெஹ்ராஜ் கேட்டாள்.

"தாராளமா குளிப்பாட்டுங்கம்மா. அது உங்க முறை. அதுல நாங்க தலையிட மாட்டோம்."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அறிவுச்செல்வனின் கை சட்டைப்பைக்குப் போனது, பேனாவின் மூடியைத் தொட்டது, அங்கேயே நின்றது.

"இதுக்கெல்லாம் எதுக்கும்மா எழுத்து?"

"அப்படின்னா கூடாதுன்னு எழுதிக் குடுங்க."

"கூடாதுன்னு எழுதினா வைரஸ்னு நானே ஒத்துக்கினதா ஆகிடும். வெளியில கேமரா நிக்குது. நாளைக்கு எவனும் கடை திறக்க மாட்டான், பஸ்ஸு ஓடாது."

"ரெண்டுல ஒண்ணு எழுதுங்க சார். எதுவானாலும் சரி. எழுதற வரைக்கும் உடல் இங்கேயே இருக்கட்டும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வாயால் சொன்னதைக் கையால் எழுதத் தமக்கு ஏன் கூசியது என்று தம்மையே கேட்பவர்போல் ஒரு கணம் இருந்தார். பிறகு கைப்பேசி ஒலித்தது, எழுந்து போய்விட்டார்.

மெஹ்ராஜ் உடல் வைத்திருந்த அறையின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்துச் சன்னலுக்கு நேர்கீழே டீக்கடை. முற்பகலுக்குள் அங்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. பேச்சு தெளிவாக மேலே வந்தது.

"டிவில பயப்படாதீங்கன்னு சொல்ட்டாங்கப்பா."

"அப்ப பயப்பட வேண்டியதுதான்."

"எங்க வூட்ல ஒரு வாரமா மலைத்தேன் தொடறதில்ல."

"நீ எப்பய்யா தேன் வாங்குன? பாய் கடையில ஓசியில நக்குறதோட சரி."

சிரிப்பு. பிறகு ஓர் இளங்குரல்: "பாய் மலையில இன்னா நக்குனாரோ."

சிரிப்பு வரவில்லை. "செத்தவரைப் பேசாத. உள்ள பொம்பளை உக்காந்துக்கினு கீது" என்று யாரோ அடக்கினார்கள். தலையில் சும்மாடோடு வேலைக்குப் போகும் வழியில் நின்ற கருணாபுரத்துப் பெண் ஒருத்தி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "உக்காரட்டும். கேக்க வேண்டியதை மொத நாளே கேக்கணும். எங்க தெருவுல நாங்க கேக்கல."

தௌசிப் வந்து தாயின் எதிரே குந்தினான்.

"அம்மி, பாவாவுக்கு நான் செய்யற கடைசி வேலை இது."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும் அவரைத் தூக்குனது யாரு?"

"நான்தான்."

"வாந்தியைத் துடைச்சது?"

"நான்தான், அம்மி."

"அதுவே எனக்கு எவ்ளோ பயமா இருக்குது தெரியுமா?" என்றாள். அவன் கண்கள் அழுகையால் சிவந்தனவா, வேறெதனாலாவதா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. கை நீட்டி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. மடித்துவிட்டிருந்த சட்டைக் கைகளை அவளே ஒவ்வொன்றாக இறக்கி, மணிக்கட்டில் பொத்தான் போட்டுவிட்டாள்.

அவளிடம் இன்னொன்று இருந்தது. அதைச் சொன்னால் அறிவுச்செல்வனின் பேனா திறந்துவிடும். ஆனால் அது அவள் சொல்லக்கூடியது அன்று.

பக்ரீதுக்குச் சில நாள்களுக்கு முன், பலாப் பருவத்தின் உச்சத்தில், ஹயாத் பாஷா வெறும் வேனோடு வீடு திரும்பினார். யாரையும் அருகில் விடாமல் தாமே இருக்கையைக் கழுவினார். காய்ச்சல் கண்ட முதல் நாளில்தான் மனைவியிடம் வாய் திறந்தார். அவருக்குத் தேன் கொடுக்கும் சின்னராசுவின் நான்கு வயது மகளுக்குக் கடும் காய்ச்சல், வலிப்பு. சின்னராசு ஊறல் போடுபவன். ஜீப்புக்குப் பயந்து காட்டில் இருந்தான். வேன் நிற்கும் இடம் வரை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் ஹயாத் பாஷா. வழியெல்லாம் அது அவர் கழுத்தில் வாந்தியெடுத்தது. மலைப்பாதையில் பாதி இறங்கியபோது, தாய் குஞ்சம்மாளின் மடியில் இறந்துவிட்டது. வேனைத் திருப்பச் சொன்னாள் குஞ்சம்மாள். காட்டிலேயே புதைத்தார்கள். சாவு வெளியே தெரிந்தால் ஜீப் வரும், சின்னராசு உள்ளே போவான், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் கேட்க, அவர் வாக்குக் கொடுத்தார். மலையில் அவர் நடத்திய வியாபாரம் முழுவதும் வாய்ச்சொல்தான். தேனுக்கும் புளிக்கும் இல்லாத எழுத்து இதற்கு மட்டும் எதற்கு? சொன்னால் சொன்னதுதான். "உன்கிட்ட சொன்னதே தப்பு" என்று அன்றே வருந்தினார்.

அந்த வாக்கை அவர் உடல் கிடக்கும் அறையின் வாசலில் உட்கார்ந்து உடைக்க மெஹ்ராஜுக்கு மனம் வரவில்லை. உடைக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தே இருந்தது. இரண்டையும் கூடியமட்டும் எடைபோட்டுவிட்டு, மலையுச்சிப் பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் வீரமுத்துவைக் கைப்பேசியில் அழைத்தாள். மலைச் சிற்றூர்களுக்கு எந்தச் செய்தியும் அவர் கடை வழியாகத்தான் போகும்.

"பாய் போயிட்டாருன்னு குஞ்சம்மாளுக்குச் சொல்லி அனுப்புங்க, அண்ணே."

மறுமுனையில் வீரமுத்து பெருமூச்சு விட்டார். "நல்ல மனுஷன் பாயம்மா. வேற எதாவது சொல்லணுமா?"

"குடுத்த வாக்கு மாறாமத்தான் போனாருன்னு சொல்லுங்க. அவரைக் குளிப்பாட்டலாமா கூடாதான்னு எழுதித் தர ஆளில்லாம உக்காந்துக்கினு இருக்கேன்னும் சொல்லுங்க."

"வரச் சொல்லட்டுமா?"

"வேணாம். அதை மட்டும் சொல்லாதீங்க."

லுஹர் தொழுகைக்கான பாங்கு ஒலித்து அடங்கியது. பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகைக்காகக் காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு முறை சுஐப்பை அழைத்தார்கள். இறந்தவரைக் காக்க வைப்பதை அவர்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. சுஐப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நாற்காலியின் முன் வந்து நின்றார்.

"ஊரே காத்துக்கினு இருக்குது, பாபி. அண்ணன் மய்யித்தைவிட உங்களுக்குக் காயிதம் ஜாஸ்தியாப் போச்சா?"

"காயிதம் இல்ல சுஐப். உன் கை. தௌசிப் கை. அது ரெண்டும்தான் எனக்கு ஜாஸ்தி."

சுஐப் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

பிற்பகலில் இரண்டாவது சோதனை முடிவு வந்தது. அறிவுச்செல்வன் கையில் தாளோடு விரைந்து வந்தார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் முகம் சற்றுத் தளர்ந்திருந்தது.

"மெத்தனால் சுத்தமா இல்லைம்மா. பாய் குடிக்கல. இதை நான் எழுதியே தரேன். உங்க குடும்பத்துக்கு ஒரு களங்கமும் இல்லை. எங்க குழுவைப் பொறுத்தவரை முடிஞ்சுது. உடலை எடுத்துக்கலாம்."

சுஐப் எழுந்துவிட்டார். கேட்க வேண்டியது கிடைத்துவிட்டது என்ற நிம்மதி அவர் தோள்களில் தெரிந்தது. வண்டிக்காரனை அழைக்கக் கைப்பேசியை எடுத்தார். பணியாளர் இருவர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தனர். மெஹ்ராஜ் நாற்காலியை இன்னும் ஒரு சாண் பின்னால் நகர்த்திக் கதவை மறித்தாற்போல் போட்டுக்கொண்டாள்.

"சாராயம் இல்லைன்னு எனக்கு இருபத்தெட்டு வருஷமாத் தெரியும் சார். நான் கேட்டது அது இல்லை."

"அம்மா, இது சாராயம் இல்லைன்னா எனக்கு இதுல வேலை இல்லை. புரிஞ்சுக்கோங்க."

"சாராயம் இல்லாத சாவுக்கு யாரு வேலை?"

தள்ளுவண்டிக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பாரதி தன் அறை வாசலில் வந்து நின்றாள்.

அப்போது கீழே வாயிலில் ஒரு பெண் நிற்பதை ராதிகா வந்து சொன்னாள். உள்ளே வரச் சொன்னால் வர மறுக்கிறாளாம். பாயம்மாவை வெளியே வரச் சொல்கிறாளாம்.

எல்லாரும் இறங்கிப் போனார்கள். மருத்துவமனை முற்றத்தின் அந்தக் கோடியில், வேப்பமரத்தடியில், குஞ்சம்மாள் நின்றிருந்தாள். மலைமழையில் நனைந்த சேலை உடம்போடு ஒட்டி உலர்ந்திருந்தது. முந்தானையை மூக்குக்கு மேல் இறுக்கிக் கட்டியிருந்தாள். மெஹ்ராஜ் அவளை நோக்கி நடந்தாள்.

"கிட்ட வராதீங்க, பாயம்மா. நான் நோவுல கெடந்தவங்க கூடவே இருந்தவ."

மெஹ்ராஜ் நின்றாள். இருவருக்கும் இடையே மழைநீர் தேங்கிய முற்றம் கிடந்தது.

"நீங்க வரச் சொல்லலைன்னு வீரமுத்து அண்ணன் சொன்னாரு. அதான் வந்தேன்" என்றாள் குஞ்சம்மாள். பிறகு அலுவலரைப் பார்த்துத் திரும்பினாள். "ஜீப்புக்காரரு நீங்கதானே? நான் சின்னராசு பொண்டாட்டி. ஊறல் போடுற சின்னராசு. நீங்க தேடிக்கினு இருக்கீங்களே, அவருதான்."

அறிவுச்செல்வன் நிமிர்ந்தார். "எங்க இருக்கான்?"

"சொல்றேன். மொதல்ல இதைக் கேளுங்க. எம் பொண்ணுக்கு நாலு வயசு. காய்ச்சல், வாந்தி. அப்புறம் என்னையே யாருன்னு கேட்டுது. பாய்தான் தோள்ல தூக்கிக்கினு வந்தாரு. பாதி மலையிலயே போயிடுச்சு." அவள் குரல் உயரவில்லை. "அது இன்னா சாராயம் சார் குடிச்சிது?"

டீக்கடைக் கூட்டம் வந்து வாயிற்கம்பியைப் பிடித்து நின்றது.

"குழந்தைச் சாவு எதுவும் எங்களுக்குத் தகவல் வரலையேம்மா" என்றார் அறிவுச்செல்வன். சொல்லும்போதே அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"சொன்னாத்தானே வரும். நாங்க புள்ள செத்துதுன்னா, நீங்க பானை எங்கன்னு கேப்பீங்க. எங்க ஊர்ல மட்டும் இல்ல, அடுத்த ஊர்லயும் அப்படித்தான் பொதைச்சாங்க. இன்னும் காட்டுக் கொட்டாயில ஆளுங்க படுத்துக்கினு கீறாங்க. எங்க வூட்டுக்காரரும் படுத்துக்கினு இருக்காரு. ஊறல் போட்டது நெசம். எந்திரிச்சா புடிச்சிக்கினு போங்க." சற்று நிறுத்தினாள். "எந்திரிக்கணும்ல."

அறிவுச்செல்வன் சட்டைப்பையிலிருந்து, காலை முதல் மடித்தே கிடந்த முகக்கவசத்தை எடுத்தார். காதுகளில் மாட்டிக்கொண்டார். மாட்டிய பிறகுதான் தாம் செய்தது என்ன என்பது அவருக்குப் பட்டது, மெஹ்ராஜைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், என்ன எழுதணும்னு சொல்லுங்க" என்றார்.

அதன்பின் ஒரு சுற்றுக் கைப்பேசி அழைப்புகள் நடந்தன. மேலிடத்தில் ஒருவர் சத்தம் போட்டது முற்றம்வரை கேட்டது. "பீதி கிளம்பும்தான் சார். கிளம்பட்டும். நான் மலையில நாலு வாரமா பானையைத் தேடிக்கினு இருந்திருக்கேன்" என்று அறிவுச்செல்வன் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது அழைப்பைக் கேட்டுக்கொண்டு, "சரிங்க சார், என் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். பாரதி சொல்லச் சொல்ல அவரே கணினியில் தட்டினார். ஓரிடத்தில், "நோய்த்தொற்று இருக்கக்கூடும் எனக் கருதப்படுவதால், இயன்றவரை தவிர்ப்பது நலம்" என்று எழுதிவிட்டு வாசித்துக் காட்டினார்.

"குளிப்பாட்டலாமா, கூடாதா?" என்று மெஹ்ராஜ் வெளியிலிருந்து கேட்டாள்.

அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி தட்டினார்.

குஞ்சம்மாளை மருத்துவமனையின் பின்புறத் தனியறைக்கு ராதிகா அழைத்துப் போனாள்; தொடாமல், முன்னால் நடந்து வழிகாட்டி. போகும் வழியில் குஞ்சம்மாள் திரும்பி நின்று, "பாய்க்குக் குடுத்த தேன் இன்னும் ஒரு குடம் எங்க வூட்ல கீது, பாயம்மா. யாரும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலை மழை பிடித்துக்கொண்டது. அச்சுப்பொறியிலிருந்து வந்த தாளில் முத்திரை விழுந்தது. அறிவுச்செல்வன் கையெழுத்திட்டார், கீழே பாரதியும் இட்டாள். கையுறை அணிந்துகொண்டு தாளோடு முற்றத்துக்கு வந்தார். மெஹ்ராஜ், தௌசிப், சுஐப் மூவரும் கூரைக்கடியில் தள்ளித் தள்ளி நின்றிருந்தார்கள்.

"வாசிச்சிடறேன்" என்றார். "மாதிரி இன்னிக்கு ராத்திரியே புனேவுக்குப் போகுது. மலைக்குக் காலையில மருத்துவக் குழு போகும். எங்க ஜீப் போகாது. முடிவு வர்ற வரைக்கும் யார் மேலயும் வழக்கு இல்லை. மலைச் சந்தை நிறுத்தம். இறந்தவரைக் குளிப்பாட்டக் கூடாது. உடலைச் சுற்றின உறையைப் பிரிக்கக் கூடாது. பாதுகாப்பு உடையில எங்க ஆளுங்க நாலு பேரும், நோயாளியைத் தொடாத உறவினர் ஒருத்தரும் மட்டும் அடக்கத்துக்குப் போகலாம்." அடுத்த வரிக்கு முன் அவர் நிறுத்தினார். "கூட இருந்து பார்த்துக்கினவங்க, அதாவது நீங்களும் உங்க பையனும், மூணு வாரம் தனிமையில இருக்கணும். அடக்கத்துக்கு வரக் கூடாது."

தௌசிப் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"நான் அண்ணனை ஆஸ்பத்திரியில வந்து பார்க்கவே இல்லை" என்றார் சுஐப். காலையில் இதைச் சொல்லியிருந்தால் அது ஒரு குறையாக இருந்திருக்கும். "நான் போறேன், பாபி. உறை மேலேயே தயம்மும் செய்யலாமான்னு ஹஜ்ரத்கிட்ட கேட்டுக்கறேன். மண்ணு அண்ணன் கடை வாசல்லேர்ந்து எடுத்துக்கினு போறேன்."

மெஹ்ராஜ் தலையசைத்தாள்.

அறிவுச்செல்வன் தாளை நீட்டவில்லை. இரு கையாலும் பிடித்தபடியே நின்றார்.

"இதுல உங்களுக்குன்னு ஒரு நல்ல வரி இல்லைம்மா."

"தெரியும். குடுங்க."

கொடுத்தார்.